பழசு எதுவும் போகக் கூடாது

லேப்டாப் சூடாக இருந்தது.

மூடியின் மேல் உள்ளங்கையை வைத்த ஓபேத், கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். மூன்று வாரமாக எந்தப் பட்டனை அழுத்தினாலும் உயிர் வரவில்லை என்று புலம்பித்தான் தமாரிஸ், ரந்தேபாவோ கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அவனை இந்த மலையேற வைத்திருந்தாள். சார்ஜர் வயர் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, தனியாகக் கிடந்தது. ஆனாலும் அந்தக் கறுப்பு மூடி, யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியைப் போல இளஞ்சூடாக இருந்தது.

"அடுப்புப் பக்கத்துல வச்சிருந்தீங்களாக்கா?"

"அப்பா ரூம்லதான் இருந்துச்சி. அவர் கால்மாட்டுல. கேட்டுட்டு இப்பத்தான் எடுத்துட்டு வந்தேன்."

யாரைக் கேட்டுவிட்டு என்று ஓபேத் விசாரிக்கவில்லை. விசாரித்தால் சிரிப்பு வந்துவிடும்.

தமாரிஸின் அப்பா எலியாஸ் பசாண்டே, மழை தொடங்குவதற்கு முன்பே செத்துப்போனவர். கூடத்தை ஒட்டிய தென்புற அறையில், பூப்போட்ட திரைக்குப் பின்னால், மேற்கே தலைவைத்து, அழுகாமல் இருக்க உடம்பு முழுக்க ஃபார்மலின் மருந்து ஏற்றிக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிறார். ஆனால் இந்த மலையில் சாவுச் சடங்கின் முதல் எருமை வெட்டுப்பட்டு விழுகிறவரை யாரும் சாவதில்லை. உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காலையில் காப்பி, மத்தியானம் சோறு, சாயங்காலம் ஒரு கிராம்பு சிகரெட். பப்புவா சுரங்கத்தில் வேலை பார்க்கும் மகன் எருமைகளைச் சேர்த்துக்கொண்டு வரும்வரை, அடுத்த ஆகஸ்டு வரைக்கும், பெரியவருக்கு உடம்பு சரியில்லை.

ஓபேத்தும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். இரண்டு மேடு தாண்டினால் அவன் அம்மா வீடு. சின்ன வயதில் இப்படிப்பட்ட அறைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு தின்றவன். மகாஸர் பட்டணத்தில் எட்டு வருஷம் இருந்து கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திரும்பியபோதுதான், ஊர் மொத்தமும் ஒரு குப்பைக்கிடங்கு என்று அவனுக்குப் பட்டது. எதையும் தூக்கிப்போடத் தெரியாத ஜனம். செத்தவனையே தூக்கிப்போடத் தெரியாதவர்கள் வேறு எதைத்தான் தூக்கிப்போடுவார்கள்?

கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே அவனுக்கு எரியும். சாவுகிராக்கிகள் என்பான், அவர்கள் முதுகு திரும்பியதும். எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: தம்பி, சிஸ்டத்தைப் புதுசா போட்டுடு, ஆனா பழசு எதுவும் போகக் கூடாது. மங்கிப்போன கல்யாணப் போட்டோ, யாரும் கேட்காத கோயில் கொயர் பாட்டு, என்றோ ஓடிப்போன மருமகளின் பிறந்தநாள் வீடியோ. எல்லாம் அப்படியே இருக்க வேண்டும், மெஷின் மட்டும் புதுசாக ஓட வேண்டும். இவர்களுக்கு மரியாதை ஒரு கேடா என்று, ஓபேத் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தான். புது சிஸ்டம் போட்டு முடிக்கும்போது, இதை உபயோகிக்கப் போவது யார் என்று திரை ஒரு பேர் கேட்கும். வாடிக்கையாளர் பேரைக் கேட்டு எழுத வேண்டும். ஓபேத் கேட்க மாட்டான். தன் பேரையே அடித்துவிடுவான். பாதிரியார் லேப்டாப்பைத் திறந்தால் 'வணக்கம் ஓபேத்' என்று வரும். மருத்துவச்சி திறந்தாலும் ஓபேத், கிராம அலுவலகத்தில் திறந்தாலும் ஓபேத். மாற்றத் தெரியாமல் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தெருநாய் கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்குவதுபோலத்தான் இதுவும். அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

வெளியே மழை இல்லை. மழையைவிட மோசமான மூட்டம். மத்தியானச் சோறு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து பலகைச் சுவரில் ஈரமாகப் படிந்துகொண்டிருந்தது. தமாரிஸ் விளக்கைப் போட்டாள். ஃபார்மலின் நெடி மூக்கின் மேல்புறத்தைக் கீறியது. அதன்மேல் கிராம்புப் புகை, அதன்மேல் பழைய காப்பி.

"உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வேலைய ஆரம்பி தம்பி."

"என்னன்னு?"

"உங்க மெஷினத் தொடப்போறேன்னு. அவர் பொருளுதானே?"

"அக்கா, மனுசன் செத்து எத்தனை மாசமாச்சி!"

தமாரிஸ் கோபப்படவில்லை. திரையைத்தான் பார்த்தாள், குழந்தை விழித்துக்கொண்டதா என்று பார்ப்பதைப்போல.

"மெதுவா பேசு. உடம்பு சரியில்லாதவர் காதுல விழுந்துடப் போகுது."

"மெதுவா சொன்னாலும் செத்தது செத்ததுதான்."

"உன் திமிர உன் கடையில வச்சிக்க. அப்பா எதையாவது சும்மா கைமாத்தி நீ பாத்திருக்கியா? ஒண்ண எடுத்தா ஒண்ண வைக்கணும். ஒரு சிகரெட்டாவது வச்சிட்டு வா."

அது உண்மைதான். எலியாஸ் பசாண்டேயை போலு மாட்டுச்சந்தையில் தெரியாதவர்கள் கிடையாது. எருமைத் தரகர். ரொக்கத்துக்கு விற்க மாட்டார், வாங்க மாட்டார். மாட்டுக்கு மாடு. எதிராளியின் எருமையைச் சுற்றிச் சுற்றி வருவார். நெற்றிச் சுழியைத் தடவுவார், இமையை விரலால் தூக்கிக் கண்ணைப் பார்ப்பார், உதட்டை மடக்கிப் பல்லை எண்ணுவார். அவசரமே கிடையாது. மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவன், தான் ஓட்டி வந்தது கிழட்டு மாடு என்பதை மறுநாள்தான் கண்டுபிடிப்பான்.

ஓபேத்திடம் சிகரெட் இல்லை. பர்ஸிலிருந்து தன் கடை விசிட்டிங் கார்டை உருவினான், போட்டோவும் பேரும் போட்டது. திரையின் ஓரத்தை இரண்டு விரலால் விலக்கி, உள்ளே பார்க்காமலே சுண்டிவிட்டான்.

"இந்தாங்க பெருசு, நம்ம கார்டு. எது ரிப்பேர்னாலும் கூப்பிடுங்க, வந்து மாத்தித் தரேன்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்றாள் தமாரிஸ்.

பலகைத் தரை. கார்டு விழுந்தால் டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. போர்வை மேல் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

சார்ஜரை மாட்டி, பென்டிரைவைச் செருகிப் பட்டனைத் தட்டினான்; மூன்று வாரமாகச் செத்துக் கிடந்ததாகச் சொன்ன மெஷின் முதல் அழுத்தலிலேயே உயிர்பெற்றது. அப்போது போன் அடித்தது. டீச்சர் போனிலிருந்து கெசியா. அவனுடைய ஒரே மகள், முதல் வகுப்பு. இந்த மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம்தான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி என்பதால் இன்று அவன்தான் கூட்டிப்போக வேண்டும்.

"அப்பா, என் முன்பல்லு ஆடுது!"

"ஆடட்டும். அப்பா வேலையில இருக்கேன்."

"விழுந்துடுமா?"

"விழாம என்ன பண்ணும்? கையை வைக்காத. நாலு மணிக்கு வந்துடுவேன்."

"வளைவுல ரெண்டு தடவ ஹாரன் அடிப்பியா? நான் இங்கேருந்தே கேட்டுட்டு பைய மாட்டிக்குவேன்."

"எப்பவும் அடிக்கிறதுதானே. வை போனை."

அவளிடம் மட்டும் அவனுக்கு எரிச்சல் வந்ததில்லை. வைத்த பிறகு, இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம் என்று தோன்றியது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போய் பொரித்த வாழைப்பழம் வாங்கிக்கொடுத்தால் சரியாகிவிடும்.

லேப்டாப் திரை நீலமாகி, புது சிஸ்டத்தை எங்கே போடட்டும் என்று கேட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போட்டால் அரை மணியில் வீட்டுக்குப் போகலாம். ஓபேத்தின் விரல் அந்தப் பக்கமாகத்தான் நகர்ந்தது. தமாரிஸ் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அழிச்சிடாத. பழசு எதுவும் போகக் கூடாது. என் தம்பி பப்புவாலேருந்து தெனம் கேக்குறான்."

"அப்படி என்னதான்கா இருக்கு இதுல? ராஜாவோட சொத்தா?"

"எருமை போட்டோ. அப்பா பாத்த எருமை எல்லாம்."

எருமை! ஓபேத் நெற்றியில் அடித்துக்கொள்ளாத குறை. இந்த மெஷினின் பாதி வயிறு எருமையா? சரி, வைத்துக்கொண்டு அழுங்கள். அழிக்காமல் மேலேயே போடச் சொன்னான். அப்படிப் போட்டால் முந்தியிருந்தது எல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் ஒதுங்கி நிற்கும். பிறகு அதிலிருந்து அள்ளிப் புதுப் பேருக்கு மாற்றிவிட வேண்டியதுதான். முட்டாளும் செய்யக்கூடிய வேலை. ஆனால் இங்கே அந்த முட்டாளும் இல்லை என்பதால்தான் அவனுக்குப் பிழைப்பு ஓடுகிறது.

பன்றிகளுக்கு வள்ளிக்கிழங்கு இலை வேகவைக்க வேண்டும் என்று சொல்லி தமாரிஸ் பின்கட்டுக்குப் போனாள். போவதற்கு முன்னால் அப்பாவுக்கு என்று ஒரு கிளாஸ் காப்பியைத் திரைக்குள் வைத்துவிட்டு வந்தாள். ஓபேத்துக்கும் ஒன்று கொடுத்தாள். சர்க்கரை குறைவு. எழுந்துபோய் அலமாரியின் மேல்தட்டில், அரிசி அளக்கும் டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு, மூடி நசுங்கிய தகர டப்பியை எடுத்து இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினான். திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்த பிறகுதான் கை நின்றது.

சர்க்கரை அங்கே இருக்கிறது என்று அவனுக்கு யார் சொன்னது?

எல்லா வீட்டிலும் அங்கேதான் இருக்கும், என்ன பெரிய அதிசயம் என்று தன்னையே அதட்டிக்கொண்டான். திரையில் வட்டமாகப் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. நாற்பது சதவீதம். மூட்டம் ஜன்னலை முழுதாக அடைத்துவிட்டது. முற்றத்தில் நிறுத்தியிருந்த அவன் பைக்கூடத் தெரியவில்லை. வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாகப் பெரிதாகின. கூரைத் தகரத்தில் ஈரம் சேர்ந்து சொட்டுகிற சத்தம். பின்கட்டில் பானை மூடி துள்ளுகிற சத்தம். அதற்கு நடுவே, திரைக்குப் பின்னாலிருந்து, கண்ணாடி கிளாஸைப் பலகைமேல் வைக்கிற சத்தம்.

எலியாக இருக்கும்.

எலி காப்பி கிளாஸை எடுத்துத் திரும்ப வைக்குமா என்று யோசிக்க அவன் விரும்பவில்லை. அவன் படித்தவன். கேவலம், ஒரு பிணத்துக்கு, அதுவும் எருமைத் தரகன் பிணத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டபோதும் நாற்காலியை, பூப்போட்ட திரை கண்ணில் படும்படியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

சிஸ்டம் இறங்கி முடிந்தது. இதை உபயோகிக்கப் போவது யார்?

விரல்கள் வழக்கம்போலத் தாமாகவே அடித்தன. ஓபேத்.

அடித்து என்டர் தட்டிய அதே நொடியில், பூப்போட்ட திரை ஒருமுறை உள்பக்கமாக இழுபட்டு, பிறகு மெதுவாக வெளியே வந்தது. காற்று இல்லை. ஜன்னலுக்கு வெளியே மூட்டம் அசையாமல் நின்றது. யாரோ உள்ளே நீளமாக மூச்சை இழுத்துவிட்டால் ஒரு துணி அப்படித்தான் ஆடும்.

வணக்கம் ஓபேத், என்றது லேப்டாப் திரை.

மளமளவென்று வேலையை முடித்துக் கிளம்பிவிட வேண்டும். ஒதுங்கியிருந்த பழைய ஃபோல்டரைத் திறந்தான். உள்ளே எலியாஸ் என்ற பேர். அதற்குள் மஞ்சள் மஞ்சளாக ஃபோல்டர்கள். மொத்தமாகப் பிடித்து, புதிதாக முளைத்திருந்த ஓபேத் என்ற பேருக்குள் இழுத்துப் போட்டான். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நகர்கிற நேரத்தில், கிழவன் அப்படி என்னதான் சேர்த்துவைத்திருக்கிறான் பார்ப்போம் என்று போட்டோக்களைத் திறந்தான்.

எருமை. எருமை. எருமை. ஒவ்வொரு மாட்டுக்கும் வரிசையாகப் படங்கள்: முன்னாலிருந்து முகம், நெற்றிச் சுழி, விரலால் தூக்கிப் பிடித்த இமைக்குள் கண், உதட்டை மடக்கிய பல், பின்னங்கால். எல்லாப் படத்திலும் அதே கிழட்டு விரல்கள். கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. இது நொண்டி, காலைச் சாய்த்து நிற்க வைத்திருக்கிறார், சாடான் ஊரில் ஒரு பயலிடம் தள்ளியது என்று ஓபேத் நினைத்தான். இந்தப் புள்ளிமாடு மூன்று மாட்டுக்கு ஈடாக வந்தது, கண் நீலம், சத்தம் கேட்டால் மிரளும். அடுத்ததற்கு மோப்பம் போய்விட்டது.

படங்களுக்குக் கீழே ஒரு எழுத்தும் இல்லை. சும்மா எண்கள்தான்.

ஓபேத் மௌஸிலிருந்து கையை எடுத்தான். அவனுக்கு எருமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொம்பு எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். சந்தை நாளில் போலு பக்கமே போக மாட்டான், சாணி நாற்றம் பிடிக்காது என்று.

நாற்றம். மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். ஃபார்மலின் நெடி இல்லை. வந்ததிலிருந்து மூக்கைக் கீறிக்கொண்டிருந்தது, சுத்தமாக இல்லை. பழகிவிட்டதா? காப்பியை மோந்து பார்த்தான், அது கமகமவென்று மணந்தது. வெளியே வெந்துகொண்டிருந்த கிழங்கு இலைகூட மணந்தது. அந்த ஒன்று மட்டும் இல்லை. தன் உடம்பின் வாடை தனக்குத் தெரியாததுபோல.

"அக்கா!" என்று கூப்பிட்டான். பின்கட்டில் பன்றிகள் தீவனத்துக்கு அலறிக்கொண்டிருந்தன. அவளுக்குக் கேட்கவில்லை.

பச்சைக் கோடு பாதியைத் தாண்டியது. கால்விரல்கள் சில்லிட்டிருந்தன. செருப்பைத் தேடிக் காலை நகர்த்தினான். கால் நகர்ந்ததா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடைசி வரிசைப் படங்கள் திறந்தன.

கறுத்த முடி. நடுவில் ஒரு சுழி. எருமைக்கு முடி இவ்வளவு அடர்த்தியாக இருக்குமா? அடுத்த படம். கறுத்த நகமுள்ள கட்டைவிரல் தூக்கிப் பிடித்த இமை, உள்ளே பழுப்புக் கண். மனுசக் கண். அடுத்தது, உதட்டை மடக்கிக் காட்டிய பல்வரிசை. கீழ்க்கடைவாயில் வெள்ளி அடைத்த ஓட்டை.

ஓபேத்தின் நாக்கு தானாகக் கீழ்க்கடைவாய்க்குப் போய், வெள்ளி அடைத்த இடத்தைத் தொட்டது.

கடைசிப் படம் முன்னாலிருந்து எடுத்தது. விசிட்டிங் கார்டில் இருந்த அதே முகம். ஆனால் கண்மூடியிருந்தது. பின்னால் தெரிந்தது பூப்போட்ட திரை.

தூக்கியெறிந்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். அவனோ, ஒன்றும் நடக்காததுபோல, நகர்வதை நிறுத்து என்ற பட்டனைத் தேடினான். இவ்வளவு நடந்தும், கம்ப்யூட்டர்தான் ஏதோ கோளாறு செய்கிறது, தனக்குத் தெரிந்த கோளாறுதான் என்று நம்புகிற திமிர். அழுத்தினான். நிற்கவில்லை. பழைய ஃபோல்டரைப் பார்த்தான். எருமைகள் போகப் போக அது காலியாகியிருக்க வேண்டும். காலியாகவில்லை. நிறைந்துகொண்டிருந்தது. ஒண்ண எடுத்தா ஒண்ண வைக்கணும். ஒரு எருமை மறைந்த இடத்தில் அவன் கல்யாணப் போட்டோ. அடுத்த எருமை போன இடத்தில் மகாஸர் விடுதி அறை, யாருமே எடுத்திராத படம். அதற்கடுத்து தொட்டில். தொட்டிலில் ஒரு குழந்தை. யார் குழந்தை?

யார் குழந்தை அது?

பேர் நாக்கின் நுனியில் இருந்தது. வரவில்லை. ஆனால் சாடான் பயலின் பேர் வந்தது. அவன் அப்பன் பேர் வந்தது. அவன் மாட்டின் பேரும் வந்தது.

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

திரும்ப வேண்டும். கழுத்து திரும்பவில்லை.

பலகைத் தரையில் ஒரு கால். நடு வீட்டில் மூன்றாவது பலகை முனகும். முனகியது. அது முனகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

தொண்ணூறு.

தலைக்கு மேல் ஒரு விரல். முடியை விலக்கியது. சுழியைத் தேடியது. சுற்றிச் சுற்றித் தடவியது. அவசரமே இல்லை.

"அக்கா..." சத்தம் வரவில்லை.

உதட்டில் ஒரு விரல். உள்ளே போனது. பல் பல்லாக.

திரையில் பச்சை முழுதாகிவிட்டது.

இருட்டு.

பிறகு ஒரு கூரை. தகரத்துக்கு அடியில் பலகை அடித்து, புகையேறிக் கறுத்தது. ஓபேத் அதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். இமை முழுதாக மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. போர்வை கழுத்துவரை இருந்தது. தாடையைச் சுற்றி ஒரு துணி இறுக்கிக் கட்டியிருந்தது. எல்லாம் திரும்பி வந்திருந்தது. மகாஸர், கல்யாணம், தொட்டில், கெசியா. ஒன்றுகூடக் குறையவில்லை. விரல்களுக்கு அடியில் ஒரு கார்டின் ஓரம் உறுத்தியது. கையை அசைத்துப் பார்த்தான். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

திரை ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அதன் வழியே கூடம் தெரிந்தது. அவன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒருவன் முதுகு காட்டி நின்றான். லேப்டாப்பை மூடினான். அதன்மேல் உள்ளங்கையை வைத்து, மாட்டின் வயிற்றில் தட்டுவதைப்போல இரண்டு தட்டு தட்டினான்.

"முடிஞ்சிதா தம்பி?" தமாரிஸின் குரல்.

"முடிஞ்சிதும்மா."

அம்மா என்கிறான். அக்கா இல்லை. தமாரிஸ், கேளுடி. காது கொடுத்துக் கேளு. அவள் கேட்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"என்னடா புதுசா மரியாதையெல்லாம்? அப்பா பக்கத்துல உக்காந்தா திமிரு அடங்கிடுது பாரு."

போன் அடித்தது. அவனுடைய போன், அவன் வைத்த பாட்டு. ஜாக்கெட் பையிலிருந்து அதை எடுத்த கை, எடுத்ததும் நிதானமாகக் காதில் வைத்தது.

"சொல்லும்மா கெசியா." அவனுடைய குரல். அச்சு அசலாக அவனுடையது. அவனுக்கு என்றுமே இல்லாத பொறுமை மட்டும் அதில் இருந்தது. "இன்னும் ஆடுதா? தொடாத, தொடாத. அப்பா வந்து பாக்குறேன். எல்லாப் பல்லையும் பாக்குறேன். வாயத் தொறந்து காட்டணும், சரியா?"

கெசியா, போகாதே. டீச்சரைப் பிடித்துக்கொள். அது நான் இல்லை. கட்டிய துணிக்குள் தாடை ஒரு நூல்கூட அசையவில்லை. கத்தல் முழுதும் உள்ளேயே சுற்றியது, வெளியே போக வழி தெரியாமல்.

வாசல் படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. பைக் முதல் உதையில் கிளம்பாது, சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு உதைக்க வேண்டும். அது வேறு யாருக்கும் தெரியாது. இரண்டாவது உதையில் கிளம்பியது.

திரை விலகியது. தமாரிஸ் புதிதாக ஒரு கிளாஸ் காப்பியைக் கொண்டுவந்து அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆவி அவன் கன்னத்தின்மேல் போயிருக்க வேண்டும், அவனுக்கு அது தெரியவில்லை. அவன் கண்ணோரத்தில் ஏதோ ஈரத்தைப் பார்த்து, ஒழுகுகிறதோ என்று கூரையை அண்ணாந்து பார்த்து, சட்டைக் கையால் துடைத்துவிட்டாள்.

"சூடா இருக்குப்பா, குடிங்க. ஓபேத் கிளம்பிட்டான். உங்ககிட்ட சொல்லச் சொன்னான். பழசு எதுவும் போகலையாம். எல்லாம் பத்திரமா இங்கேயே இருக்காம்."

போர்வையை அவன் கழுத்துக்கு இழுத்துவிட்டு, திரையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். பைக் சத்தம் மூட்டத்துக்குள் இறங்கி, சின்னதாகி, ஒரு இடத்தில் வேகம் குறைந்தது.

பள்ளிக்கூடத்து வளைவில் ஹாரன் இரண்டு தடவை அடித்தது.